அடக்காதீர்கள்... அடக்கவும் வைக்காதீர்கள்!

உங்கள் வீட்டில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகும் மகனோ, மகளோ, மருமகளோ உண்டா? அப்படியானால் இன்றைக்கு அவர்கள் வீடு திரும்பியதும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு? காலையிலிருந்து எத்தனை தடவை பாத்ரூம் போனார்? 'சார், இது எனக்குப் புரியலை' என்று யாரிடமாவது பயமில்லாமல் சொல்ல முடிந்ததா?

'சாஃப்ட்வேர் கம்பெனியைப் பற்றிச் சித்த வைத்தியருக்கு என்ன தெரியும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எனக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் எழுதுகிறவர்களின் நாடியைப் பல வருஷமாகப் பிடித்துப் பார்த்து வருகிறேன். ஒரு கம்பெனியின் தலைமை எப்படிப்பட்டது, அங்கே ஆளை ஆள் நடத்துகிற விதம் எப்படி என்பதெல்லாம் அந்தக் கம்பெனியின் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வாசகங்களில் தெரியாது. அங்கே வேலை பார்க்கிறவரின் வயிற்றில் தெரியும், தூக்கத்தில் தெரியும், கழுத்து நரம்பில் தெரியும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவம் படிக்க வரும் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் அடிப்படைப் பாடங்களில் ஒன்று '14 வேகங்கள்'. வேகம் என்றால் இங்கே ஓட்டம் அல்ல. உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. இந்தப் பதினான்கையும் வலிய அடக்கக் கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த விதி. அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன நோய் வரும் என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும் அடிவயிற்று வலியும், பசியை அடக்கினால் உடல் இளைப்பும் மயக்கமும், தூக்கத்தை அடக்கினால் தலைபாரமும் கண் சிவப்பும், கண்ணீரை அடக்கினால் பீனிசமும் கண் நோயும் குன்மமும் என்று அந்தப் பட்டியல் போகிறது.

படிக்கிற காலத்தில் எங்களில் பலருக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. 'சிறுநீர் வந்தால் போகப் போகிறான், பசித்தால் சாப்பிடப் போகிறான். இதையெல்லாம் யார் அடக்கப் போகிறார்கள்?' என்று பேசிக்கொள்வோம். குளுகுளு ஏ.சி. அறையில், நாற்காலிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் இருக்க, பத்தடி தூரத்தில் சுத்தமான பாத்ரூம் இருக்க, கீழ்த்தளத்தில் கேன்டீன் இருக்க, இத்தனையையும் அடக்கிக்கொண்டு ஒரு தலைமுறையே உட்கார்ந்திருக்கும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்!

இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வசதி இல்லாததால் இவர்கள் அடக்கவில்லை. எல்லா வசதியும் இருக்கிறது. இருந்தும் எழுந்து போக முடியவில்லை. அந்த 'முடியவில்லை'க்குக் காரணம் கட்டடத்தில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது.

நாடி பிடிக்கும்போது கேட்டவை

பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், வயது முப்பதுக்குள். மூன்றாவது தடவையாகச் சிறுநீர்த் தொற்று. 'தண்ணி குடிக்கிறியாம்மா?' என்று கேட்டால், 'குடிச்சா அடிக்கடி எழுந்து போகணும் டாக்டர். சீட்ல இல்லைன்னா எங்க லீட் உடனே மெசேஜ் போடுவார். அதான் காலைல ஒரு டம்ளரோட நிறுத்திக்கிறேன்' என்கிறார். நான் எந்தக் கஷாயம் கொடுத்து இதைக் குணப்படுத்துவது?

இன்னொரு தம்பி. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், நள்ளிரவில் தொண்டை வரை வரும் புளிப்பு. இரவு 9 மணிக்கு அமெரிக்காவோடு மீட்டிங். கலிஃபோர்னியாவில் அப்போதுதான் காலை 8.30 ஆகி, அங்கே இருப்பவர்கள் காபியோடு வந்து உட்காருவார்கள். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்ததும், இவருக்கு அதே மீட்டிங் பத்து மணி ஆகிவிடுகிறது. முடித்துவிட்டு 11.30-க்குப் பரோட்டா, சாப்பிட்ட கையோடு படுக்கை. 'மீட்டிங்குக்கு முன்னாடியே சாப்பிட்டுடலாமே தம்பி?' என்றேன். 'மீட்டிங்ல என்ன கேப்பாங்களோன்னு எட்டு மணிக்கே வயிறு கலங்க ஆரம்பிச்சிடும் சார். அப்ப சாப்பிடவே முடியாது' என்றார். பசி அடங்கிப் போனது உணவுக் கோளாறால் அல்ல, பயத்தால்.

மூன்றாவதாக ஒரு பெண். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம். சட்டப்படி 26 வாரம் விடுப்பு கொடுத்த கம்பெனிதான். திரும்பி வந்த முதல் வாரமே, பத்துப் பேர் நடுவில், 'நீங்க ஆறு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வந்திருக்கீங்க, இனிமே கொஞ்சம் ஸ்பீடா போகணும்' என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். 'ரெஸ்ட் ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தேன்' என்றார். தீராத தலைவலி என்றுதான் அவர் என்னிடம் வந்தார். ஆபீஸில் அதிகம் அடக்கப்படும் வேகம் எது என்று என்னைக் கேட்டால், பசியும் தூக்கமும் அல்ல, கண்ணீர்தான் என்பேன்.

இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. வேலையை வெறுப்பவர்களும் அல்ல. தாங்கள் செய்யும் வேலையைப் பற்றிப் பேசும்போது கண்ணில் ஒளி வருகிறது. மேனேஜரின் பெயரைச் சொல்லும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறுகிறது.

கைக்கணக்கு எதுவரை?

'ஆரம்பத்தில் எங்க கம்பெனி இப்படி இல்லை டாக்டர்' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு கணக்குப் புரிந்துவிட்டது. இருபது பேர் இருக்கும்போது முதலாளியும் அதே டீயைத்தான் குடிக்கிறார். யாருக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருவன் முகம் வாடியிருந்தால், 'என்னப்பா, வீட்டுக்குப் போ, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று சொல்லிவிடுவார். அங்கே தனியாகச் சட்டம் வேண்டாம். அவருடைய நல்ல மனசே சட்டம்.

அதே கம்பெனி நானூறு பேராக வளர்கிறது. நாலு பேருக்குச் சமைக்கிற அம்மா உப்பைக் கையால் அள்ளித்தான் போடுகிறார், ருசி தப்புவதில்லை. நானூறு பேர் கல்யாணப் பந்திக்கு அந்தக் கைக்கணக்கு உதவுமா? படி வேண்டும், அளவு வேண்டும், மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். கம்பெனிகள் பணக் கணக்குக்கு அந்த அளவை உடனே கொண்டுவந்துவிடுகின்றன. மனிதர்களை நடத்துகிற விதத்துக்கு மட்டும் கொண்டுவர மறந்துவிடுகின்றன.

நடுவில் ஒரு புது அடுக்கு முளைக்கிறது. டீம் லீட், மேனேஜர் என்று பெயர். யார் அவர்? பெரும்பாலும் நன்றாகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த, இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. நன்றாக வீணை வாசிக்கிறார் என்பதற்காக ஒருவரைச் சபாவின் செயலாளர் ஆக்கிவிட்டால் எப்படி இருக்கும்? வாசிப்பும் போயிற்று, நிர்வாகமும் வரவில்லை. பத்துப் பேரை எப்படி வேலை வாங்குவது, தப்பை எப்படிச் சுட்டிக்காட்டுவது என்று அவருக்கு ஒருநாள்கூட யாரும் சொல்லித்தரவில்லை. மேலே இருப்பவர் தன்னிடம் எப்படிப் பேசுகிறாரோ அதையே கீழே இருப்பவரிடம் பேசுகிறார். அந்த மேனேஜர்களும் என்னிடம் வருகிறார்கள். நாற்பதுக்குள் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை. ஆகவே இதை நல்லவர், கெட்டவர் கதையாக நான் சொல்லவில்லை. மேலே பிடித்த பித்தம் கீழே வரை இறங்குகிறது, அவ்வளவுதான்.

பதினைந்தாவது வேகம்

முன்னோர் போட்ட பட்டியலில் பதினான்கு. ஆபீஸ்களுக்காக நான் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்லுவேன். வாய் வரை வந்த உண்மையை விழுங்குவது.

ஒரு தம்பி சொன்னதைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு புதிய சாஃப்ட்வேர் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அதில் ஓரிடத்தில் கோளாறு இருப்பது புதன்கிழமையே இவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் போன மாதம் இப்படி ஒன்றைச் சொன்ன நண்பனை, 'உனக்கு எப்பவும் நெகடிவ் ஆட்டிட்யூட்' என்று எல்லார் முன்னிலையிலும் லீட் மட்டம் தட்டியது நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்துவிட்டார். வெள்ளி இரவு சாஃப்ட்வேர் போனது. சனி காலை வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எட்டுப் பேர் வீட்டுக்குப் போகவில்லை. புதன்கிழமை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. திங்கட்கிழமை இவர் என்னிடம் வந்தபோது நாக்கில் வெள்ளை படிந்து, கண் சிவந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அடக்கியது ஒரு வாக்கியம். அதற்கு உடம்பும் தண்டம் கட்டியது, கம்பெனியும் தண்டம் கட்டியது.

இது என் கற்பனைச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒற்றுமையோடு வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பதுதான் அவர் எதிர்பார்த்தது. கணக்கெடுத்தால் அங்கேதான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! காரணத்தைத் தேடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் குழுக்களில் தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயந்துகொண்டு மூடி மறைத்தார்கள். 'திட்டு விழாது, அவமானம் வராது' என்ற நம்பிக்கையோடு வாய் திறக்க முடிகிற அந்த நிலையைத்தான் அவர் 1999-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். பின்னாளில் கூகுள் நிறுவனமும் 2012-ல் தொடங்கி, தன்னுடைய சுமார் 180 குழுக்களை ஆராய்ந்து பார்த்தது. நல்ல குழுவுக்கு எது முக்கியம்? யார் எந்தக் காலேஜ், யார் எவ்வளவு புத்திசாலி என்பதைவிட, பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதுதான் முதலிடத்தில் வந்தது.

மைக்ரோசாஃப்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பல வருஷம் ஒரு மதிப்பெண் முறை இருந்தது. ஒரு குழுவில் பத்துப் பேரும் நன்றாக வேலை செய்தாலும், இத்தனை பேரை முதல் தரம், இத்தனை பேரைக் கடைசித் தரம் என்று மேனேஜர் பிரித்தே ஆக வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் தோற்றால்தான் நமக்கு வாழ்வு என்றால், யார் யாருக்கு உதவுவார்கள்? 2013 நவம்பரில் அந்த முறையை அந்த நிறுவனமே கைவிட்டது. அடுத்த பிப்ரவரியில், 2014-ல், நம் ஐதராபாத்திலிருந்து போன சத்யா நாதெல்லா அங்கே தலைமைக்கு வந்தார். 'எல்லாம் தெரிந்தவர்'களாக இருப்பதைவிட 'எதையும் கற்றுக்கொள்கிறவர்'களாக இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் கடலே திசை திரும்ப முடியுமானால், நானூறு பேர் இருக்கும் குளம் திரும்ப முடியாதா?

எழுபது மணி நேரக் கணக்கு

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பார்க்கத் தயாராக வேண்டும் என்று சொன்னது நினைவிருக்கும். 2025 ஜனவரியில் இன்னொரு பெரிய நிறுவனத்தின் தலைவர் 90 மணி நேரம் வரை போனார். நாராயணமூர்த்தி அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வைத்தியன் என்ற முறையில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால், 70 மணி நேரம் என்பது நாளுக்கு 14 மணி நேரம். போக வர இரண்டு மணி நேரம் போட்டால் 16. மிச்சம் இருப்பது எட்டு. அந்த எட்டுக்குள் குளியல், சாப்பாடு, குழந்தையின் வீட்டுப்பாடம், பெற்றோரிடம் நாலு வார்த்தை, அப்புறம் தூக்கம். எதைக் குறைப்பார்கள்? தூக்கத்தைத்தான்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் இப்படி நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய பக்கவாத, இதய நோய் மரணங்கள் உலகம் முழுவதும் 7 லட்சத்து 45 ஆயிரம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகும் 'நம்ம பிள்ளை இளைஞன்தானே, தாங்குவான்' என்று சொல்லலாமா?

அதே உலக சுகாதார நிறுவனம் 2019-ல், 'பர்ன்-அவுட்' என்று சொல்கிறார்களே, அந்தப் பணிச் சோர்வை விளக்கியபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தியெல்லாம் வடிந்தது போன்ற களைப்பு. வேலையின்மீது ஒரு வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை. முன்பு சுலபமாகச் செய்ததைக்கூட இப்போது செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இதைத் தனி மனிதனின் பலவீனம் என்று அது சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்தில் நாள்பட்ட மன அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்றுதான் சொல்லியிருக்கிறது. அந்தக் கடைசி வரியைக் கம்பெனிகள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

'சம்பளம் நல்லா வருதே!'

இப்போது வீட்டில் இருப்பவர்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கி, 'அம்மா, எனக்கு இந்த வேலை முடியலை' என்கிறான். நாம் என்ன சொல்கிறோம்? 'சம்பளம் நல்லா வருதேடா, எல்லா இடத்துலயும் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோ.' வீட்டுக்கடன் தவணை இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது, சொந்தக்காரர்கள் முன்னால் கெளரவம் இருக்கிறது. எல்லாம் வாஸ்தவம். ஆனால் ஆபீஸில் விழுங்கிய வாக்கியத்தைச் சொல்ல அவனுக்கு இருந்த ஒரே இடம் வீடுதான். அங்கேயும் வாயை அடைத்துவிட்டால் அவன் எங்கே போவான்? பதினைந்தாவது வேகத்தை அடக்க வைப்பதில் மேனேஜருக்குச் சரிபாதிப் பங்கை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

மாப்பிள்ளை பார்க்கும்போது கம்பெனி பெயர் என்ன, சம்பளம் எவ்வளவு, வெளிநாடு போவாரா என்று விசாரிக்கிறோம். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவார், ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை மூடி வைப்பாரா என்று யாராவது விசாரித்திருக்கிறோமா? கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை தள்ளிப்போகிறது என்று என்னிடம் வரும் தம்பதிகளில் சிலர், வாரத்தில் ஒருநாள்கூடச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இவருக்குப் பகல் ஷிஃப்ட், அவருக்கு இரவு ஷிஃப்ட். அவர்களுக்கு நான் முதலில் எழுதித்தருவது லேகியம் இல்லை. 'வாரத்துல மூணு நாள் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்ல இருக்க என்ன வழின்னு பாருங்க' என்பதுதான்.

தலைமையில் இருப்பவர்களுக்கு

இந்த இதழைப் படிக்கும் வீடுகளில் மேனேஜர்களும், சின்னக் கம்பெனி முதலாளிகளும் இருப்பீர்கள். உங்களுக்குச் செலவில்லாத சில பத்தியங்கள்:

1. மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மீட்டிங் வைக்காதீர்கள். நீங்களே முதலில் எழுந்து சாப்பிடப் போங்கள். நீங்கள் எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள்.

2. யாராவது தப்பைச் சொன்னால், 'யார் பண்ணினது?' என்று கேட்பதற்கு முன் 'எங்கே வழுக்கியது?' என்று கேளுங்கள். யாரையும் குற்றம் சாட்டாமல், நடந்ததை மட்டும் எழுதி வைத்துப் பாடம் கற்கும் வழக்கம் உங்கள் சாஃப்ட்வேர் உலகத்திலேயே உண்டு. அதைக் காகிதத்தோடு விட்டுவிடாதீர்கள்.

3. பாராட்டைப் பத்துப் பேர் முன்னால் சொல்லுங்கள்; குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இப்போது பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

4. இரவு மீட்டிங் தவிர்க்க முடியாததென்றால், மறுநாள் காலை தாமதமாக வர அனுமதியுங்கள். வெளிநாட்டாரோடு பேசி, ஒரு வாரம் நமக்கு வசதியான நேரம், ஒரு வாரம் அவர்களுக்கு வசதியான நேரம் என்று முறை மாற்றுங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டமாகவே கொண்டுவந்தன. நாம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

5. நன்றாக வேலை செய்பவரை மேனேஜர் ஆக்குவதற்கு முன், அவருக்கு மனிதர்களை நடத்தப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் அதே வேலையில் சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள்.

இப்படி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில், ஒரே கம்பெனியில், மூன்றாவது மாடியிலிருந்து வருபவருக்கு வயிற்றுப்புண். ஐந்தாவது மாடியிலிருந்து வருபவர் வெறும் சளிக்கு மருந்து வாங்கிக்கொண்டு சிரித்துப் பேசிவிட்டுப் போகிறார். விசாரித்தால் மேனேஜர் வேறு. அதனால்தான் சொல்கிறேன், நல்ல மேனேஜர் ஒரு மருந்து. பக்க விளைவு இல்லாத மருந்து.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

தம்பி, தங்கைகளே! உங்கள் மேனேஜர் மாறும்வரை உடம்பு காத்திருக்காது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை சில.

* சிறுநீர், மலம், பசி, தாகம் இந்த நான்கையும் எந்த மீட்டிங்குக்காகவும் அடக்காதீர்கள். 'ரெண்டு நிமிஷம், வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு எழுங்கள். முதல் இரண்டு தடவைதான் கூச்சமாக இருக்கும்.

* காலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்துப் போங்கள். நாலாவது காபிக்குப் பதில் அதைக் குடியுங்கள். மதியம் நீர்மோர் சேர்த்துக்கொள்ளுங்கள். பித்தம் தணியும்.

* இரவு மீட்டிங் இருந்தால் ஏழரைக்குள் இட்லி, இடியாப்பம், கஞ்சி என்று இலகுவாகச் சாப்பிட்டுவிடுங்கள். நள்ளிரவில் பரோட்டா வேண்டவே வேண்டாம்.

* வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது வழக்கம். விடுமுறை நாளில்தான் முடியும் என்றால் சனிக்கிழமை போதும். சளி, காய்ச்சல், ஆஸ்துமா இருக்கும்போது தவிர்த்துவிடுங்கள். குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது.

* கேஸ் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். நெஞ்சில் பாரம், இடது கை வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால், 'வாயுத் தொல்லை' என்று நினைத்து என்னைப் போன்றவர்களைத் தேடி வராதீர்கள். உடனே 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முப்பது வயதானால் வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

* தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, 'நான் எதுக்கு இருக்கேன்' என்று தோன்றுகிறது என்றால், தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

* சொல்லிப் பார்த்தும் மாறாத இடம் என்றால், வேறு வேலையைத் தேடுவது தோல்வி இல்லை. பல கம்பெனிகளில் நோட்டீஸ் மூன்று மாதம். அதனால் உடம்பு படுத்த பிறகு முடிவெடுக்காதீர்கள். நிற்க முடிகிறபோதே எடுங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தால் அந்தத் தைரியம் தானாக வரும். புதுக் கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனால், 'இங்கே ஒரு தப்பு நடந்தா என்ன செய்வீங்க?' என்று நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் முகத்தைப் பாருங்கள்.

பெற்றோர்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத் தேதியில் வங்கியிலிருந்து வரும் மெசேஜைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம். சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. அதே நாளில் பிள்ளையின் கண்ணையும் முகத்தையும் பாருங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல், அறிவுரை சொல்லாமல், முழுசாகக் கேளுங்கள். நான் கொடுக்கிற எந்தச் சூரணமும் அதற்கு அப்புறம்தான் வேலை செய்யும்.